200 வீரர் சேர்ந்ததும் கேம் ஏன் இழுக்கிறது?

ஹட்டன், கொட்டகலைப் பக்கம் உயர்தரம் படிக்கிற தம்பி தங்கச்சிமார் சிலர் இப்போது கேம் விளையாடுவதோடு நிற்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கழற்றிப் பார்க்கவும் ஆசைப்படுகிறார்கள். அதற்கு வசதியாக மூல நிரலோடு இலவசமாகக் கிடைக்கும், படை திரட்டி யுத்தம் நடத்துகிற வியூக விளையாட்டுகள் இருக்கின்றன. 0 ஏ.டி. அப்படி ஒன்று. 1999இல் கடைகளில் விற்பனைக்கு வந்து, 2004இல் நிரல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட வோர்சோன் 2100 இன்னொன்று. இறக்கி, கம்பைல் பண்ணி (நிரலை மெஷினில் ஓடக்கூடியதாக மாற்றி), ஓடவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆரம்பத்துல நல்லாத்தான் ஓடுது அண்ணே, படை 200ஐத் தாண்டினதும் ஏன் இப்படி இழுக்குது?"

உடனே வாயில் வருகிற பதில், "லெப்டொப் பழசு, ரேம் பத்தாது." சில வேளை அது உண்மைதான். ஆனால் புது மெஷினிலும் அதே கட்டத்தில் இழுத்தால் கோளாறு நிரலில்தான் இருக்கிறது. வியூக விளையாட்டு எஞ்சினில், அதாவது கேமை உள்ளே இருந்து ஓட்டுகிற நிரலில், அந்தக் கோளாறை எப்படித் தேடுகிறார்கள், எப்படி வேகம் கூட்டுகிறார்கள், மற்ற கேம்களைவிட இங்கே அது ஏன் கூடுதல் தலைவலி என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். லூப் என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

கணக்கும் காட்சியும்

எஞ்சினுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று கணக்கு: யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு உயிர் மிச்சம், அம்பு எங்கே விழும், விறகு எவ்வளவு சேர்ந்திருக்கிறது. மற்றது காட்சி: அந்தக் கணக்கைத் திரையில் மரமாக, மனிதனாக, புகையாக வரைவது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டியதில்லை. உதாரணமாக ஸ்பிரிங் என்ற வியூக விளையாட்டு எஞ்சினில் கணக்கு செக்கனுக்கு 30 தடவை நடக்கிறது. அப்படியென்றால் ஒரு தடவைக்கு 33 மில்லிசெக்கன் அவகாசம். திரையோ செக்கனுக்கு 60 படம் கேட்டால், ஒரு படத்துக்கு 17 மில்லிசெக்கன்கூடக் கிடையாது.

இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எதில் கை வைக்கலாம், எதில் யோசித்துக் கை வைக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பிரிவில்தான் தங்கியிருக்கிறது.

முதலில் அளக்க வேண்டும். எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று காட்டும் கருவிக்கு ப்ரொபைலர் என்று பெயர். லினக்ஸில் பேர்ஃப் இருக்கிறது. கேம் செய்பவர்கள் ட்ரேசியை அதிகம் விரும்புகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, "இந்த லூப் எனக்குப் பிடிக்கவில்லை" என்று அதைத் திருத்தத் தொடங்குவார்கள். மொத்த நேரத்தில் 5 வீதம் எடுக்கிற லூப்பை முற்றாகவே நீக்கினாலும் கிடைக்கிற இலாபம் அந்த 5 வீதம்தான். அதற்காக இராத்திரி முழுக்க விழித்திருப்பானேன்?

அளக்கும்போது சராசரியை நம்பாதீர்கள். 99 படங்கள் தலைக்கு 10 மில்லிசெக்கனில் வந்து, ஒரே ஒரு படம் மட்டும் 410 மில்லிசெக்கன் எடுத்தால் சராசரி 14தான். தாளில் அருமையான எண். விளையாடுகிறவனுக்கோ கிட்டத்தட்ட அரைச் செக்கன் திரை உறைந்து போகிறது. அவன் திட்டுவது அந்த ஒரு படத்தைத்தான். நாம் தேட வேண்டியதும் அதைத்தான்.

ஏரியின் நடுவில் ஒரு கிளிக்

மத்திய மலைநாட்டையே ஒரு மேப்பாகச் செய்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 256க்கு 256 கட்டங்கள், மொத்தம் 65,536. ஹட்டனில் நிற்கும் 50 வீரர்களை நானுஓயாவுக்குப் போகச் சொல்கிறோம். வழி கண்டுபிடிக்க எஞ்சின் பயன்படுத்துவது பெரும்பாலும் ஏ-ஸ்டார் என்ற அல்கோரிதம். 1968இல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ரஃபேல் ஆகிய மூவரும் வெளியிட்டது. நடந்து வந்த தூரம் எவ்வளவு, இங்கிருந்து இலக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்ற ஓர் ஊகம், இரண்டையும் கூட்டி, கூட்டுத்தொகை எந்தக் கட்டத்தில் குறைவோ அங்கிருந்து அடுத்த அடியை வைப்பது அதன் வேலை. ஊகத்துக்குச் சாதாரணமாக நேர்கோட்டுத் தூரத்தையே எடுப்பார்கள்.

சமவெளி மேப்பில் இது பறந்துகொண்டு போகும். நம் மேப்பில் அப்படி இல்லை. ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்கு ரயில் எப்படிப் போகிறது என்று பாருங்கள்: கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன் என்று மலையைச் சுற்றிச் சுற்றித்தான் போகிறது. நேர்கோடு காட்டுகிற திசையில் போனால் ஒரு மலைச்சரிவில் முட்டி நிற்போம். ஏ-ஸ்டாருக்கு அது தெரியாது. இலக்குக்குக் கிட்ட இருப்பதுபோலத் தோன்றுகிற ஒவ்வொரு பள்ளத்தாக்குக்குள்ளும் இறங்கி, கடைசிக் கட்டம்வரை துழாவி, வழி இல்லை என்று கண்ட பிறகுதான் அடுத்ததற்குப் போகும். விடை சரியாகத்தான் வரும். ஆனால் பாலைவன மேப்பில் சில நூறு கட்டங்களைத் தொட்டு முடித்த அதே நிரல், மலை மேப்பில் பல ஆயிரம் கட்டங்களைத் தொடும். ஒரு மேப்பில் மட்டும் இழுக்கிறது, மற்றவற்றில் இல்லை என்றால் இதையும் ஒரு சந்தேகமாக வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. யாராவது தவறுதலாக காசல்ரீ ஏரியின் நடுவில் கிளிக் பண்ணிவிட்டால்? வீரர்களுக்கு நீச்சல் தெரியாது, வழியே கிடையாது. ஆனால் வழி இல்லை என்று சொல்ல வேண்டுமானால், போகக்கூடிய ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து முடித்தாக வேண்டும். தேடல் மேப் முழுவதும் பரவும். ஒருவருக்கு அறுபதாயிரம் கட்டம் என்றால் 50 பேருக்கு 30 இலட்சம். அதுவும் ஒரே 33 மில்லிசெக்கனுக்குள். சராசரியில் தெரியாமல் ஒளிந்திருந்த அந்த 410 மில்லிசெக்கன் படம் பல நேரங்களில் இப்படித்தான் பிறக்கிறது.

இதற்கான வைத்தியம் அழகானது. கேம் தொடங்கும்போதே மேப்பை ஒரு தடவை நிறம் தீட்டி வைத்துவிடுவது. ஒரு கட்டத்தில் தொடங்கி, அங்கிருந்து நடந்து போகக்கூடிய எல்லாக் கட்டங்களுக்கும் எண் 1. மிச்சமிருப்பதில் ஒன்றை எடுத்து, அங்கிருந்து போகக்கூடியவற்றுக்கு எண் 2. இப்படியே போய், ஏரிக்கு ஓர் எண், செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே அகப்பட்ட மேட்டுக்கு ஓர் எண். பிறகு கட்டளை வரும்போது, நிற்கிற கட்டத்தின் எண்ணும் இலக்கின் எண்ணும் ஒன்றா என்று மட்டும் பார்த்தால் போதும். வேறு என்றால் தேடவே வேண்டாம்; இலக்குக்குப் பக்கத்தில் நம் எண் உள்ள கட்டம் எதுவோ, ஏரிக்கரை, அங்கே அனுப்பிவிடலாம். இலட்சக்கணக்கான வேலை ஒரு ஒப்பீட்டில் முடிந்தது.

முடிந்தது என்று நினைக்கும்போதுதான் அடுத்த பக் (நிரல் பிழை) வந்து நிற்கும். எதிரி கணவாயை மறித்துச் சுவர் எழுப்புகிறான். எண்கள் பழையபடியே இருக்கின்றன. எஞ்சின் "ஒரே எண்தானே" என்று நம்பி மறுபடியும் மேப் முழுவதும் துழாவும். அது வேகக் குறைவோடு போகிற கேடு. மாறாக, சுவர் இருந்தபோது நிறம் தீட்டி, பிறகு சுவர் இடிந்ததைக் கவனிக்காவிட்டால், திறந்த வழி கண்ணெதிரே இருக்க வீரர்கள் அசையாமல் நிற்பார்கள். இப்போது வேகம் பிரமாதம், விளையாட்டு நாசம். முன்கூட்டியே கணக்குப் பண்ணி வைக்கிற எதற்கும் இந்த ஆபத்து உண்டு. எதெல்லாம் மாறினால் இது காலாவதியாகும் என்று பட்டியல் போடாமல் எதையும் சேமித்து வைக்கக் கூடாது.

படை பெருக்கும்போது வருகிற இன்னொரு பாரம் எதிரியைத் தேடுவது. ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் பார்த்துக் கிட்டியவரைத் தேடினால், 200 பேருக்கு 39,800 ஒப்பீடு. 1000 பேருக்கு 9,99,000. படை ஐந்து மடங்கு, வேலை 25 மடங்கு. மேப்பைப் பெரிய சதுரங்களாகப் பிரித்து, யார் எந்தச் சதுரத்தில் என்று குறித்து வைத்து, தன் சதுரத்தையும் சுற்றியுள்ள எட்டையும் மட்டும் பார்க்கச் சொன்னால் இது அடங்கும். சதுரத்தின் அகலம் பார்வைத் தூரத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். பாடப்புத்தக வைத்தியம்தான், ஆனால் எத்தனையோ கேம்களில் இதுதான் மிகப் பெரிய இலாபம்.

எல்லா மெஷினிலும் ஒரே யுத்தம்

இதுவரை சொன்னது எந்த நிரலுக்கும் பொருந்தும். வியூக விளையாட்டின் தனிக் குணம் நெட்வேர்க்கில் சேர்ந்து விளையாடும்போதுதான் தெரியும்.

1997இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 8 பேர் சேர்ந்து விளையாடுவதற்காகச் செய்யப்பட்டது. அந்தக் காலத்து மோடம் 28.8 கிலோபிட், அதாவது செக்கனுக்கு அதிகபட்சம் 3,600 பைட். 1500 வீரர்கள், ஆளுக்கு 12 பைட் தகவல் என்று வைத்தால்கூட ஒரே ஒரு தடவை எல்லார் நிலையையும் அனுப்ப 18,000 பைட். ஐந்து செக்கன் ஆகும். அம்பு பறந்து விழுந்து, ஆளும் செத்திருப்பான்.

ஆகவே அவர்கள் நிலையை அனுப்பவே இல்லை. கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். "இந்தப் பத்துப் பேர் இங்கே போகட்டும்" என்ற ஒரு வரி போகும். ஒவ்வொரு மெஷினும் முழு யுத்தத்தையும் தானே தனியாகக் கணக்குப் போடும். 200 மில்லிசெக்கனுக்கு ஒரு சுற்று. இந்தச் சுற்றில் கொடுத்த கட்டளை இரண்டு சுற்று தள்ளித்தான் நிறைவேறும், எல்லா மெஷினுக்கும் அது போய்ச் சேர அவகாசம் வேண்டுமே. இந்த முறைக்கு லொக்ஸ்டெப் என்று பெயர். இன்றும் பல வியூக விளையாட்டுகள் இப்படித்தான் ஓடுகின்றன. மலை மறைவில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடாக ஊசலாடுகிற நம் ஊர்களுக்கு இது நல்ல செய்தி, தரவு மிகக் கொஞ்சம்தான் போகிறது. கெட்ட செய்தி, ஒருவருடைய சிக்னல் அறுந்தால் அவர் வரும்வரை மற்ற எல்லாரும் காத்துக்கிடக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: ஒரே தொடக்கமும் ஒரே கட்டளைகளும் கொடுத்தால் எல்லா மெஷினிலும் கடைசி பிட்வரை ஒரே விடை வரும் என்பது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் இரண்டு கணக்கப்பிள்ளைமார் ஒரே நிறையைக் கேட்டுத் தனித்தனிக் கொப்பியில் எழுதிக்கொண்டு, கடைசியில் மொத்தத்தை மட்டும் ஒத்துப் பார்ப்பதுபோல, மெஷின்களும் தங்கள் நிலை முழுவதையும் சுருக்கி ஓர் எண்ணாக்கி அவ்வப்போது ஒத்துப் பார்க்கின்றன. எண் வேறுபட்டால் அவ்வளவுதான். உங்கள் திரையில் நீங்கள் ஜெயித்துக்கொண்டிருப்பீர்கள், அவர் திரையில் அவர். இதைத்தான் டிசின்க் என்கிறார்கள்.

டிசின்க் பக் பிடிப்பது ஏன் கடினம் என்றால், காரணமும் விளைவும் வெகு தூரத்தில் இருக்கும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸைச் செய்தவர்கள் 2001இல் இதை விளக்கும்போது சொன்ன உதாரணம் ஒரு மானைப் பற்றியது. மேப் உருவாகும்போது ஒரு மெஷினில் மான் மிகச் சிறிதளவு திரும்பி நிற்கிறது. அதனால் அது கொஞ்சம் வேறு மாதிரி மேய்கிறது. சில நிமிடம் கழித்து, வேட்டைக்குப் போனவன் ஈட்டி அங்கே தவறுகிறது, இங்கே படுகிறது. ஒரு வீட்டில் இறைச்சி இருக்கிறது, மற்றதில் இல்லை. நமக்குக் கிடைக்கிற புகார் "20ஆவது நிமிடத்தில் கேம் பிய்ந்துவிட்டது" என்பதுதான். மானைப் பற்றி யாரும் முறையிட மாட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் நிலையைச் சுருக்கி வருகிற எண்ணை, அதாவது சுருக்கெண்ணை, இரு மெஷினிலும் பதிந்து வைத்து, முதன்முதலாக வேறுபட்ட சுற்றைக் கண்டுபிடித்து, அந்தச் சுற்றில் மட்டும் முழு நிலையையும் கொட்டி வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சுருக்கெண்ணில் வீரர்களின் இடத்தையும் உயிரையும் சேர்த்துவிட்டு, மானின் திசையைச் சேர்க்க மறந்திருந்தால், முதல் வேறுபாடு என்று கருவி காட்டுகிற சுற்று உண்மையான முதல் சுற்றே அல்ல. எண் பிந்திச் சொல்லும். நிறையப் பேர் தவறான சுற்றைத் தோண்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

எந்தப் பதிப்பில் பக் நுழைந்தது என்று தெரியாவிட்டால், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை கைகொடுக்கும். 1000 மாற்றங்கள் இருந்தாலும் நடுவில் ஒன்றைச் சோதித்து, பாதியைத் தள்ளி, மறுபடி நடுவில் சோதித்து என்று போனால் பத்துத் தடவையில் குற்றவாளி அகப்படுவான். லொக்ஸ்டெப் கேமில் இது இன்னும் சுகம். கட்டளைகள் மட்டும் பதிந்த ரீப்ளே கோப்பு சின்னதாக இருக்கும், அதைத் திரும்ப ஓட்டினால் அதே யுத்தம் அப்படியே நடக்கும். வேகம் அளக்கவும் அதையே பயன்படுத்தலாம். ரீப்ளே இல்லாமல் வருகிற பக் முறைப்பாட்டை நான் பாதி முறைப்பாடு என்றுதான் சொல்வேன்.

டிசின்க்குக்குப் பின்னால் எப்போதும் வருகிற ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். தொடக்க மதிப்புக் கொடுக்காத மாறி, மெமரியில் முன்பு கிடந்த குப்பையோடு தொடங்குகிறது. இரண்டு மெஷினில் இரண்டு குப்பை. வீரர்களை மெமரி முகவரி வரிசையில் எடுத்து நடத்துகிற லூப் இன்னொன்று. முகவரி மெஷினுக்கு மெஷின் மாறும், சமதூரத்தில் இரு எதிரிகள் நின்றால் இங்கே ஒருவனும் அங்கே மற்றவனும் அடிபடுவான். எனக்கு மிகப் பிடித்த பக் புகை. பொதுவான ரேண்டம் எண் ஒன்று கணக்குப் பக்கத்தில் இருக்கும், எல்லா மெஷினிலும் ஒரே விதையில் (தொடக்க எண்ணில்) தொடங்கி ஒரே வரிசையில் எண்கள் வரும். எரிகிற வீட்டின் புகையை அசைக்க யாரோ அதே ரேண்டத்திலிருந்து ஓர் எண் எடுத்துவிடுகிறார். புகை வரையப்படுவதோ அந்த இடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பவர் மெஷினில் மட்டும். அங்கே ஓர் எண் கூடுதலாகச் செலவாகிவிட்டது. அடுத்த அம்பிலிருந்து எல்லாம் கோணல். காட்சிக்குத் தனி ரேண்டம் வைத்தால் தீர்ந்தது.

தசம எண்களையும் நம்ப முடியாது. கொம்பியூட்டரில் 0.1உடன் 0.2ஐக் கூட்டி, பிறகு 0.3ஐக் கூட்டினால் 0.6000000000000001 வரும். முதலில் 0.2ஐயும் 0.3ஐயும் கூட்டி, பிறகு 0.1ஐச் சேர்த்தால் 0.6. வரிசை மாறினால் விடை மாறுகிறது. வேகத்துக்காகக் கம்பைலர் வரிசையை மாற்றினாலும், வேலையை ஒரே நேரத்தில் ஓடுகிற பல திரெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்து யார் முதலில் முடிக்கிறாரோ அவர் விடையை முதலில் கூட்டினாலும் இதுதான் நடக்கும். 0 ஏ.டி. கணக்குப் பக்கத்தில் இதைத் தவிர்க்க முழு எண்களையே வைத்துக்கொள்கிறது. ஓர் அலகை 65,536 துண்டாக்கி, துண்டுகளை எண்ணுகிறது. ஸ்பிரிங் வேறு வழியில் போனது: தசமத்தையே எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி நடக்க வைக்கிற ஸ்ட்ரெஃப்ளொப் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது.

இனி நம் 50 வீரர்களிடம் திரும்புவோம். இலக்குக்கு வழி இருக்கிறது, ஆனால் தேடல் நீளம். ஒரே சுற்றில் முடிக்க முடியவில்லை. புதியவர் யாரும் சொல்லக்கூடிய யோசனை: "ஒவ்வொரு சுற்றிலும் வழி தேட 5 மில்லிசெக்கன் ஒதுக்குவோம்; நேரம் முடிந்தால் மிச்சத்தை அடுத்த சுற்றில் தொடர்வோம்." கேட்க நியாயமாக இருக்கிறது. தனியாக விளையாடினால் பிரமாதமாக ஓடும். நெட்வேர்க்கில் போட்டவுடன் டிசின்க். ஏனென்றால் கொழும்பில் இருக்கிறவருடைய புது மெஷின் அந்த 5 மில்லிசெக்கனில் 40 பேருக்கு வழி கண்டுவிடும்; பொகவந்தலாவையில் இருக்கிற பழைய லெப்டொப் 12 பேருக்குத்தான் கண்டிருக்கும். அங்கே 40 பேர் நடக்கத் தொடங்கிவிட்டார்கள், இங்கே 12 பேர்.

திருத்தம் மிகச் சிறியது: நேரத்தை எண்ணாமல் வேலையை எண்ணுங்கள். ஒரு சுற்றுக்கு 5 மில்லிசெக்கன் என்பதற்குப் பதில் ஒரு சுற்றுக்கு 20,000 கட்டம். வேகமான மெஷின் அதைச் சீக்கிரம் முடித்துச் சும்மா இருக்கும், மெதுவான மெஷின் வேர்க்க விறுவிறுக்க முடிக்கும், ஆனால் இரண்டிலும் அதே ஆட்கள் அதே சுற்றில் நடக்கத் தொடங்குவார்கள். கணக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்க்கிற எந்த வரியைக் கண்டாலும் சந்தேகப்படுங்கள்.

ஆனால் கட்டளை கொடுத்தவன் இரண்டு மூன்று சுற்று சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? இதற்குக் காட்சிப் பக்கம் உதவும். 250 மில்லிசெக்கன் தாமதத்தை விளையாடுகிறவர்கள் கவனிக்கவே இல்லை என்றும், ஒரு தடவை வேகமாக மறுதடவை மெதுவாக வருவதைத்தான் அவர்களால் சகிக்க முடியவில்லை என்றும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் குழு கண்டறிந்தது. ஆகவே கிளிக் பண்ணிய அதே கணத்தில் வீரன் "சரி" என்று குரல் கொடுக்கட்டும், தரையில் ஒரு குறி மின்னட்டும். கணக்கு இன்னும் தொடங்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டான் என்று மனம் நம்பிவிடும். அந்தக் குரல் ஒரு மெஷினில் மட்டும் ஒலித்தாலும் எதுவும் கெடாது. நிழல், புல், நீரின் பளபளப்பு எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்குத்தான். பழைய லெப்டொப்பில் அவற்றைத் தாராளமாக நிறுத்திவிட்டு, புது மெஷின்காரனோடு அதே யுத்தத்தில் சேரலாம்.